முதுகைத் திருப்பும் இடம்

மெர்போக்

மரியாதைக்குரிய அலோர் ஸ்டார் அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பிரேமாவதி வணங்கி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

நவராத்திரி அழைப்பிதழில் "கோலாட்டம் அமைத்தவர்: திருமதி பிரேமாவதி" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஓரடி ஆடத் தெரியாத நீ என்னத்தம்மா அமைச்ச? பந்தலா?" என்று போனில் சிரித்தீர்கள். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஆடுவது வேறு, அமைப்பது வேறு அண்ணே. யார் எங்கே நிற்கவேண்டும், முக்கியமாக யார் எங்கே நிற்கக் கூடாது என்று முடிவு செய்வதற்குப் பெயர்தான் நடனம் அமைப்பது. வரவும் செலவும் கலந்துவிடாமல் இத்தனை வருஷம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது தெரியாதா? எங்கள் மாதர் குழுவில் தேவகியும் பிச்சையம்மாள் அக்காவும் போன திருவிழாவிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "ஒன் கேசரிய வச்சு போஸ்டர் ஒட்டலாம்லா" என்று அக்கா தேவகியிடம் சொன்னதில் வந்த வினை. "அவ கோல்ல என் கோல் படாது" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். கோலாட்டத்தில் கோல் படாமல் என்ன செய்வது? சமையல் மேசையில் மற்ற பெண்களுக்குப் பதில் புளியங்கொட்டையும் இவர்கள் இருவருக்கு மட்டும் மிளகாய் வற்றலும் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இருவரும் நேருக்கு நேர் வரும் அந்த நொடியில், சட்டென்று முதுகைத் திருப்பிச் சுழன்று போகும்படி வைத்துவிட்டேன். ஒத்திகை பார்க்க வந்த கோயில் தலைவர் முனியாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அந்த மொகத்தப் பாருங்கம்மா! அம்மன் கோவம் அப்படியே எறங்கியிருக்கு! இத யாரு அமைச்சது?" என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். அப்படித்தான் அச்சில் ஏறியது என் பெயர். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை அண்ணே. அந்த அழைப்பிதழைச் சாமி அறையில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவசியம் வரவேண்டும். ஒன்றே ஒன்று, உங்கள் வாய் எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் கேசரிப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் குடும்பத்தை அம்மன் கண்போல் காக்கட்டும்.

பாசமுள்ள தங்கை,
பிரேமாவதி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இடி விழுந்துவிட்டது. இருவரும் ராசியாகிவிட்டார்கள்! இன்றைய ஒத்திகைக்குத் தேவகி கேசரி கொண்டுவந்தாள், அக்கா கேட்டு வாங்கித் தின்றார். முதுகைத் திருப்பவேண்டிய இடத்தில், "அக்கா, இந்தச் சேலைய எந்தப் பசார்ல எடுத்தீங்க?" என்று நின்று பேசுகிறார்கள். பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் முட்டிக்கொண்டார்கள். இவர்கள் ஒன்றுசேரவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சை விளக்கு ஏற்றியவளும் நான்தான். அம்மன் இத்தனை சீக்கிரம் காதில் வாங்குவாள் என்று யார் கண்டது? அண்ணே, சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். வந்ததும் அந்தக் கேசரிப் பேச்சைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அம்மனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.