ஒன்று புள்ளி ஆறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் கப்பலில் அடிதடி. ஆட்கள் இருபது பேர். வீட்டுக்குப் பேச முப்பத்திரண்டு கிலோபிட் செயற்கைக்கோள் லைன் ஒன்றுதான். குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் பேசலாம்.

வயர்லெஸ்காரர், பேச்சைச் சுருக்கி அனுப்பும் பெட்டியில் எண்ணைக் குறைத்தார். ஆளுக்குப் பதினாறாக இருந்த கிலோபிட் நான்காயிற்று. எட்டுப் பேர் பேசினார்கள். குரலில் தகரம் ஏறியது. மீதிப் பன்னிரண்டு பேர் கதவை உதைத்தார்கள்.

ஒன்று புள்ளி ஆறுக்கு இறக்கினார். இருபது பேரும் பேசினார்கள். சொல் ஒவ்வொன்றும் புரிந்தது. ஆள்தான் புரியவில்லை.

"நீ யாருய்யான்னு கேக்குறா என் பொண்டாட்டி," என்றார் எஞ்சின்காரர்.

"எனக்கு அங்க பேசறது அம்மாவா மாமியாரான்னே தெரியல. பயந்து பயந்து பேசிட்டு வரேன்," என்றார் பெயின்டர்.

வயர்லெஸ்காரருக்கு அந்தக் கவலைகூட இல்லை. அவர் மனைவி போனையே எடுப்பதில்லை. கிளம்பிய அன்று நடந்த சண்டையில், "இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க," என்று சொன்னவள். நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் அவளும் அவள் தங்கையும் மட்டும்.

அன்று அதிசயமாகப் போன் எடுக்கப்பட்டது. அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற சமையல்காரன் ரிசீவரைப் பிடுங்கினான்.

"நீங்க பேசினா போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கும்ணே. விடுங்க. இந்தத் தகரத்துல எவன் குரலும் ஒண்ணுதான்."

"நான் செஞ்சது தப்புதாம்மா," என்றான் போனில். "சாப்பிட்டியா?"

பதினோரு வருடத்தில் வயர்லெஸ்காரர் கேட்காத கேள்வி. மறுமுனையில் தகரம் விசும்பியது.

அடுத்த வாரம் அவன், "நீங்க நின்னா எனக்குப் பேச்சு வரலண்ணே," என்று அவரை வெளியே அனுப்பினான். ஒரு மணி நேரம் பேசினான். நான்காவது வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கோபமெல்லாம் போயிடுச்சுண்ணே. கரை இறங்கினதும் நேரா வீட்டுக்குத்தான்."

மறுநாள் துறைமுகம். வயர்லெஸ்காரருக்கு மனம் உறுத்தியது. கடைசிப் பேச்சாவது சொந்தக் குரலில் இருக்கட்டும். மற்ற பத்தொன்பது பேரின் பேச்சையும் வெட்டினார். முப்பத்திரண்டு கிலோபிட்டும் தனக்கே. கப்பல் முழுக்க வசவு. மறுமுனையில் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"நான்தான்," என்றார். "வரட்டுமா?"

இளசான குரல் ஒன்று, துல்லியமாகக் கேட்டது.

"யாரு, அத்தானா? அக்கா இன்னும் இந்தப் போனைத் தொடவே இல்லையே... சமையல்காரர் இல்லையா அங்க?"