கடித்தவளும் பறந்தவனும்

கல்விக்காகக் கடல் கடந்தவர்கள் உலக வரலாற்றில் ஏராளம். ஆனால் ஒரு மாணவியை ஊரைவிட்டு ஓர் அடிகூட நகரவிடாமல் லண்டனுக்கு அனுப்பிவைத்த பெருமை, ஃபர்கானாப் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே எங்கள் 'உலக ஒளி' பள்ளிக்குத்தான் உண்டு. அந்தச் சாதனையில் எனக்கும் சிறு பங்கு இருக்கிறது. நான் அங்கே 'ஒழுக்கம் மற்றும் அறிவொளி'த் துணை முதல்வர். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒழுக்கம், பின் அறிவொளி.

எங்கள் பிள்ளைகள் கோடைதோறும் கல்விப் பயணம் போவார்கள். அறிவு அயல்நாட்டில்தான் விளைகிறது என்பதும், அதைப் பறிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கைகளே ஏற்றவை என்பதும் எங்கள் முதல்வர் ஹம்ரோகுல் அவர்களின் கொள்கை. அந்த வருடம் லண்டன் மொழி முகாம்காரர்கள் அதில் ஒரு குழப்பம் செய்தார்கள். பள்ளியிலேயே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு இலவச இடம் என்று அறிவித்துவிட்டார்கள்.

தேர்வு வைக்க தாஷ்கண்டிலிருந்து ஒருவர் வந்தார். பத்தாம் வகுப்பு சர்வினோஸிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அது அவருக்குப் புரியவில்லை. உடனே முழு மதிப்பெண் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். இடம் அவளுக்கு என்றானது. அவள் அம்மா ஓய்தின், சந்தைக்கு எதிரே பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். லண்டனில் மழை பெய்யும் என்று யாரோ சொல்ல, மகளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கினாள்.

எங்கள் பக்கத்தில் பயணம் கிளம்புகிறவர் வாசலில் நின்று ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவார். மீதி ரொட்டி சுவரில் ஆணியில் தொங்கும். அவர் திரும்பி வந்து தன் கடியின் மிச்சத்தைத் தானே தின்பார். அதுவரை வீட்டில் எவ்வளவு பசித்தாலும் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால் போனவர் திரும்பமாட்டார் என்று நம்பிக்கை.

கிளம்பும் நாளில்தான் கடிக்க வேண்டும். ஆனால் முதல்வர் தொலைநோக்குள்ளவர். பயணம் ஜூலையில். தொலைக்காட்சிக்காரர்கள் வருவதோ பள்ளியாண்டு முடியும் மே மாதக் கடைசி மணி விழாவுக்கு.

"ஜூலையில கடிச்சா யாருய்யா படம் எடுப்பான்?" என்றார்.

ஆகவே மே மாதத்திலேயே, பள்ளிக்கூடத்து மேடையில், பூங்கொத்துகளுக்கு நடுவே சர்வினோஸ் ரொட்டியைக் கடித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே அவளுக்குச் சின்ன இடைவெளி உண்டு. அதுவும் ரொட்டியில் அழகாகப் பதிந்தது. அன்று மாலையே "லண்டன் புறப்பட்டார் நம் ஊர் மாணவி" என்று செய்தி வந்தது. ரொட்டி பெரிய மண்டபத்தின் சுவரில் ஏறியது.

அப்புறம் துணை மேயர் வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அவர் மகன் ஜாவ்லோனுக்கும் திடீரென்று கல்வித் தாகம் எடுத்திருந்தது. முதல்வர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு யாரை அனுப்புவோம்? நோயாளியையா, நல்லா இருக்கறவனையா?" என்று ஆரம்பித்தார்.

"நோயாளியைத்தான் சார்," என்றோம் எல்லோரும்.

"ஜாவ்லோனுக்கு இங்கிலீஷ்ல என்ன தெரியும்?"

ஆங்கில ஆசிரியை முகத்தஸ் எழுந்தாள். "ஓகே தெரியும் சார். அதையும் தப்பான இடத்துலதான் சொல்வான்."

"பார்த்தீங்களா! இங்கிலீஷ் தெரிஞ்சவளை இங்கிலீஷ் படிக்க அனுப்பறது அவளுக்கே அவமானம் இல்லையா?"

இந்தத் தர்க்கத்தின் முன் நாங்கள் தலைகுனிந்தோம். ஆனால் ரொட்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துட்டு ஜாவ்லோன் கடிச்சதை மாட்டிடலாமே," என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"ஐயையோ, பயண ரொட்டியைத் தொடறதா? போனவ திரும்ப வரமாட்டா!" என்று கணக்கு ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அவதான் போகவே இல்லையே!"

"டிவியில போயிட்டாளேய்யா!"

கடித்த இடத்தில் மாவு அடைத்துச் சுட்டுவிடலாம் என்று வேதியியல் ஆசிரியர் ஓர் அறிவியல் தீர்வு சொன்னார். அதற்கும் யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஒருமனதாகத் தீர்மானித்தோம்: 'கடி பள்ளியினுடையது, கடித்தவர் செய்தியின்படியும், மற்றவர் விமானத்திலும் பயணம் செய்வார்கள்.' இவ்வளவு நேர்த்தியான தீர்மானத்தை நான் அதற்குமுன் எழுதியதில்லை.

அதைத் தெரிவிக்கும் பொறுப்பு, ஒழுக்கத் துறை என்பதால், எனக்கு வந்தது. ஓய்தின் ஒரு அம்மாளின் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுத்தி வளைக்காதீங்க அண்ணே. எம் பொண்ணு போறாளா, இல்லையா?"

"போறா தங்கச்சி. அதிகாரபூர்வமா போறா."

"உடம்பு?"

"உடம்பு மட்டும் இங்கே இருக்கும்."

சாயத் தட்டைக் கீழே வைத்தாள். "உடம்பை விட்டுட்டுப் போறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு அண்ணே."

சாயம் பூசிய அம்மாள் கண்ணாடி வழியே என்னை முறைத்தாள். சர்வினோஸ் மூலையில் நின்றிருந்தாள். அழவில்லை. மழைக்கோட்டை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கொடுத்த தேநீரை நான் குடிக்காமல் வைத்துவிட்டேன். சூடாக இருந்ததால் இருக்கலாம்.

"பயணம் முடியறவரை பாப்பா வெளியே வராம இருந்தா பள்ளிக்கு நல்லது," என்று முதல்வரின் செய்தியையும் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினேன்.

ஜாவ்லோன் பறந்த மறுநாள், உச்சி வெயிலில், சர்வினோஸ் சந்தைக்கு வந்தாள், மஞ்சள் மழைக்கோட்டோடு. எங்கள் ஊர் நாகரிகமான ஊர். தொலைக்காட்சி சொன்னதை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

"என்ன பாப்பா, லண்டன்லேந்து எப்ப வந்தே?" என்றார் முலாம்பழக்காரர்.

"இன்னும் வரலை மாமா. அங்கேதான் இருக்கேன்."

"ஓ! அங்கே முலாம்பழம் எப்படி?"

"கையளவுதான் இருக்கும். இனிப்பே கிடையாதாம்."

"அடப் பாவமே! இந்தா, இதை எடுத்துட்டுப் போ. அயல்நாட்டுல பிள்ளை பட்டினி கிடக்கலாமா?"

அவள் தினமும் வந்தாள். ஊரே அவளிடம் லண்டன் நிலவரம் விசாரித்தது. ஒருநாள் முதல்வரே எதிரில் மாட்டிக்கொண்டார். தப்பிக்க வழியில்லை.

"அங்கே... மழையாம்மா?" என்றார்.

"ஆமா சார். நனைஞ்சு போயிட்டேன்," என்றாள் அவள், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

ஜாவ்லோனும் அங்கே சும்மா இல்லை. அவன் அறையில் இருந்தவர்கள் தாஷ்கண்ட், பிஷ்கேக், அல்மாட்டி பிள்ளைகள். விடுதி அடுப்பில் ஆட்டுக்கறி போட்டு ப்ளோவ் சோறு சமைத்திருக்கிறார்கள். புகையில் அபாய மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அந்த வண்டியோடு அவர்கள் எடுத்த படத்தை 'பன்னாட்டுப் புரிந்துணர்வு' என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

அவன் திரும்பும் நாள் நெருங்கியபோது தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு இளம்பெண் கூப்பிட்டாள். மே மாதம் ரொட்டியைக் கடித்த மாணவி அதைத் தின்று முடிப்பதைப் படமெடுக்க வேண்டுமாம். அழைக்காமலே வருகிறார்கள் என்று முதல்வருக்கு வியர்த்தது. நேரே முடி வெட்டும் கடைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"பெட்டியோட வாசல்ல வந்து நில்லும்மா. ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசு. ரொட்டியைத் தின்னுடு. அடுத்த வருஷம் நிச்சயம் நீதான்."

"அடுத்த வருஷம் துணை மேயருக்கு இன்னொரு பையன் வளர்ந்துடுவானே சார்?" என்றாள் ஓய்தின்.

சர்வினோஸ் மட்டும், "வரேன் சார்," என்றாள்.

வந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. செய்தியாளர் முதலில் ஜாவ்லோனிடம் ஆங்கிலத்தில், லண்டனில் என்ன கற்றாய் என்று கேட்டாள். அவன் சிந்தித்து, "ஓகே," என்றான். இம்முறையும் தப்பான இடம்தான்.

பிறகு சர்வினோஸ் பேசினாள். நீளமாக, நிதானமாக, ஆங்கிலத்தில் பேசினாள். மண்டபத்தில் இரண்டே பேருக்கு அது புரிந்தது. செய்தியாளர் ஒலிவாங்கியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். முகத்தஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் பெருமிதத்தில் கைதட்டினோம். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் முதல்வர். துணை மேயர்கூட, "நல்லா பேசுது பொண்ணு," என்றார்.

முதல்வர் ரொட்டியை ஆணியிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசினாள்.

"சார், நான் இன்னும் கிளம்பவே இல்லையே. போயிட்டு வந்து சாப்பிடறேன்."

ரொட்டியை மறுபடி ஆணியில் மாட்டினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முதல்வர் ஜாவ்லோனின் காதைக் கடித்தார். "நீ தின்னுடா கண்ணு. போயிட்டு வந்தது நீதானே."

ஜாவ்லோன் கை நீட்டினான். அவன் அம்மா மேடையேறி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதேடா! அடுத்தவ பயண ரொட்டி! பாவம் சும்மா விடுமா?"

கடைசி வரிசையிலிருந்து ஓய்தினின் குரல் வந்தது. "அவ பயணத்தையே தின்னப்போ கூசலை. ரொட்டிக்குக் கூசுதாக்கும்!"

அதற்கு யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அந்தச் செய்தி கடைசிவரை ஒளிபரப்பாகவில்லை. அடுத்த கோடையில் துணை மேயரின் இளைய மகன் லண்டன் போனான். சர்வினோஸ் இப்போது படிப்பை முடித்துவிட்டாள். அம்மாவின் கடைக்குப் பின்னறையில், வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு 'ஓகே'யைச் சரியான இடத்தில் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள். மழைக்கோட்டு அங்கே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்களை நான்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறேன். சுவரில் பிற்பாடு போன பிள்ளைகளுக்காக வரிசையாக அடித்த வெற்று ஆணிகள், நடுவில் அந்த ஒரே ரொட்டி. இப்போது ஓடு போலக் காய்ந்துவிட்டது. அந்தச் சின்ன இடைவெளி மட்டும் அப்படியே தெரிகிறது.

"இது யாருடையது சார்?" என்று கேட்பார்கள்.

"எங்கள் கல்விப் பயணத்துக்குத் தகுதி பெற்ற ஒரே மாணவியுடையது," என்று பெருமையோடு சொல்வேன்.

"மற்றதெல்லாம் எங்கே?"

"மற்றவர்கள் போனார்கள், வந்தார்கள். தின்றுவிட்டோம்."