பொட்டு வைத்த பேட்டரியும் கெஹிபெல்லாவும்

பறவைகளுக்குக் கேமராக்களைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் கையில் இருப்பது வேலை செய்யாது என்று உறுதியான பிறகுதான் பக்கத்தில் வந்து உட்காரும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு விஜயதசமிக் காலையில்.

அப்போது எனக்கு ஏ.எல். பரீட்சை முடித்த திமிர். கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையோரக் காட்டில் கெஹிபெல்லா வருவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். (பறவையின் சிங்களப் பெயர்தான். நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவப்பு மூக்கு. இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது.) நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர், "ஒரே ஒரு படம் கொண்டு வா. நம்ம வெள்ளைக்காரங்களுக்கு நீதான் கைட்" என்றிருந்தார். கைட்! கனவில்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு ஆங்கிலம் பேசினேன்.

இடையில் வந்தது ஆயுத பூஜை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்று பொட்டில்லாமல் தப்பிக்கும் பொருளே கிடையாது. அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, அண்ணனின் ஆட்டோ எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நிற்கும். என் பழைய கேமராவும் சாமி படத்துக்கு முன்னால் போனது.

"அம்மா, லென்சுல மட்டும் பொட்டு வச்சிறாதீங்க!"

"சும்மா கத்தாத புள்ள. அப்ப இதுல முக்கியமானது எது?"

"பேட்டரிதான். அதுதான் இதுக்கு உசிரு." (விளக்கம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு.) கழற்றியும் மாட்டியும் காட்டினேன்.

விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு அண்ணனோடு கிளம்பினேன். மணி அடித்துப் பறவை பயந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். (என் முன்ஜாக்கிரதை அப்படி.)

மூடுபனி மரங்களுக்கு நடுவே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓடையின் சத்தம் மட்டும், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல. பனி ஒரு திரையாக விலகியதும், கைக்கெட்டும் கிளையில் அது இருந்தது. அத்தனை நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நீண்ட வாலின் நுனியில் வெள்ளை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. நானும்.

"எடு புள்ள!" என்று கிசுகிசுத்தான் அண்ணன்.

"கேமரா எரியவே மாட்டேங்குது அண்ணே! உங்க போன குடுங்க!"

"அது ஆட்டோவுல சார்ஜ்ல கெடக்கு."

பேட்டரியைக் கழற்றினேன். தங்க நிறத் தகடுகளின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். பக்திமணம் கமழ்ந்தது. உயிருக்கு வைத்த பொட்டு காய்ந்து கல்லாகியிருந்தது.

நகத்தால் சுரண்டினேன், துப்பட்டாவால் தேய்த்தேன், ஊதினேன். பறவை போகவில்லை. இறகைக் கோதியது, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, இந்தப் பக்கம் அழகா அந்தப் பக்கமா என்று கேட்பதுபோலத் திரும்பியும் உட்கார்ந்தது. ஒருவழியாகக் கேமராவுக்கு உயிர் வந்தது. கண்ணருகே தூக்கினேன். நீலம் பனிக்குள் கரைந்தது. விரல் மட்டும் தன் கடமையைச் செய்தது.

ஹோட்டல்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்ல கெளை. பறவை எங்க?"

"இப்பத்தான் சார் போச்சு."

"சரி, அது திரும்பி வந்தா நீயும் வா" என்றார். தொப்பிக் கனவு அத்தோடு சரி.

வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். அவர் அசரவில்லை. "உசிருன்னு நீதானே சொன்ன? உசிர விட்டுட்டு வேற எதுக்குடி பொட்டு வைப்பாங்க?"

அந்த வெற்றுக் கிளையை அண்ணன் ஃபிரேம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். இப்போதும் ஆயுத பூஜைக்கு அம்மா கேமராவைத் தொடுவதில்லை. படத்தில், அது உட்கார்ந்திருந்த இடத்தை என்னிடம் கேட்டு, அங்கே ஒரு பொட்டு வைக்கிறார். அந்த நேரம் மட்டும் ஓடைச் சத்தம் எனக்குக் கேட்கும்.

வருகிறவர்கள் என்ன படம் என்று கேட்டால் அண்ணன் முந்திக்கொள்வான்:

"கெஹிபெல்லாங்க. பொட்டு வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கு."