வெள்ளைத்தாள் மனிதர்

பாரபட்சமே இல்லாத மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு, தீர்ப்பு சொல்ல ஊர்மக்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கும் ஜூரி தேர்வு நாளில் வாருங்கள். வரிசைக்கு நாலு பேர் கிடைப்பார்கள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மனத்தைத் துடைத்துக் காயப்போட்டுவிட்டு வந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைய வழக்கு: யாருடைய கொட்டகையிலிருந்தோ பனி அள்ளும் எந்திரத்தைத் திருடியதாகக் கூரை வேய்கிற இளைஞன் ட்ராய் சோரன்சன் மீது புகார். நிரூபணமானால் ஓராண்டுச் சிறை.

முதலில் எழுந்த டார்லா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். "என்னோட எந்திரமும் போன வருஷம் திருடு போச்சுங்க. கொஞ்சம் கோவம் இருக்கு. நியாயமா இருப்பேனான்னு எனக்கே தெரியல."

"நன்றிம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் நீதிபதி.

அடுத்து நம்மவர், வெர்லின் ஹாக்பெர்க். இவருக்கு இரண்டு எந்திரங்கள் திருடு போயிருந்தன. மைத்துனர் போலீஸ். கூரைக்காரன் ஒருவனோடு ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ட்ராயின் வக்கீல் பதறி எழுந்தார். நீதிபதி கையமர்த்தி, அந்த மந்திரக் கேள்வியைக் கேட்டார்:

"அதையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு நியாயமா தீர்ப்பு சொல்ல முடியுமா?"

"பேஷா முடியும்! என் மனசு வெள்ளைத்தாளுங்க."

அமர்த்தப்பட்டார். சந்தேகப்பட்டவள் வெளியே, சந்தேகமே படாதவர் உள்ளே. இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உண்டா?

இடைவேளையில், ஏற்கெனவே ஜூரியில் தேர்வாகி உட்கார்ந்திருந்த என் காதருகே குனிந்தார் வெர்லின். "பய மூஞ்சியப் பாத்தீங்களா?"

"வழக்கப் பத்திப் பேசக் கூடாதுய்யா."

"வழக்க யாரு பேசினா? மூஞ்சியத்தான பேசறேன். ஏணி வெச்சிருக்கான் பாருங்க."

"கொட்டகை தரையிலதானே இருக்கு?"

"அதான்! நம்மள திசைதிருப்பத்தான் ஏணி."

அக்கணமே முடிவு செய்தேன்: இந்த ஆள் எதைச் சொன்னாலும் என் ஓட்டு அதற்கு எதிர். ட்ராய் நிரபராதி. சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை என்பது ஒரு சிறு குறை.

"பாரபட்சம் இல்லாதவங்க கை தூக்குங்க" என்றார் நீதிபதி, உறுதிமொழிக்கு முன் கடைசியாக. பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என்னுடையது.

சிரிக்கிறீர்களா? சரி, சொல்லுங்கள்: ட்ராய் திருடினானா, இல்லையா? ஒரு சாட்சியத்தைக்கூட நான் உங்களுக்குக் காட்டவில்லை. ஆனாலும் பதில் நுனிநாக்கில் நிற்கிறதே! வாருங்கள், ஜூரியில் என் பக்கத்திலேயே உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.