சும்மா கூட வந்தவர்

டொரோன்டோவில் தமிழர் ஓட்டும் பழைய வாகனங்களில் பாதி, கியர்பொக்ஸ் அண்ணையின் மூக்கைத் தாண்டித்தான் வீதிக்கு வந்திருக்கின்றன. மற்றப் பாதி அவர் சொல்லைக் கேளாமல் வாங்கியவை. அவற்றை நெடுஞ்சாலை ஓரங்களில் பொனற் திறந்தபடி நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. அந்தக் கதையை எழுத இரண்டு வருடமாக வெட்கம் விடவில்லை.

மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் அவருடைய கராஜ். அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்கே மறந்திருக்கலாம். கியர்பொக்ஸ் தவிர வேறு வேலை தொடமாட்டார். டயர் மாற்றித் தரச் சொன்னால், பல் வைத்தியரிடம் தலைமயிர் வெட்டக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கியர்பொக்ஸ் ஒயிலில் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசித் துண்டில் ஒற்றி, கண்ணை மூடி மணப்பார். அந்த நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது. யாருடைய போனாவது அடித்தால், வேறு கடதாசி எடுத்து முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் முழங்கிச் சனமெல்லாம் அட்சதையோடு எழும்ப, இவர் மட்டும் வாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், “பொம்பிளை மாப்பிள்ளை ஏறப்போற கார் இரண்டாம் கியருக்கு மாறேக்க இருமுது. வேற கார் பிடியுங்கோ” என்றார். அவர்கள் கேட்கவில்லை. புதுத் தம்பதி ரிசப்ஷனுக்கு டோ ட்ரக்கில் வந்து இறங்கினார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். என் முதல் காரை மணந்து பார்த்து வாங்கித் தந்தவர் அவர்தான். அது பதினொரு வருடம் ஓடியது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

என் மச்சான், மனைவியின் அண்ணன், காரில் கொளுவி இழுக்கும் ட்ரெய்லர் வீடு ஒன்று வாங்கி இரண்டு கோடைகாலமாக அதைப் பற்றியே பேசினான். அந்தக் கதையை நிற்பாட்ட ஒரே வழி படுக்கை, குசினியோடு தானே ஓடும் மோட்டர்ஹோம் ஒன்றை நான் வாங்குவதுதான். மிசிசாகாவில் வாகனம் விற்கும் ஒரு யார்டில் இரண்டு பழைய மோட்டர்ஹோம்கள் நின்றன. இரண்டும் டீசல் அல்ல, இங்கே காஸ் என்று சொல்லும் பெற்றோலில் ஓடுபவை. ஒன்றுக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சின், நாலு கியர். மற்றதற்குப் பத்துச் சிலிண்டர், ஐந்து கியர். எட்டுச் சிலிண்டருக்குள் வெள்ளை சோபா, பளபளக்கும் அலுமாரிகள். பத்துச் சிலிண்டருக்குள் மண்ணிறக் கம்பளம், நனைந்த நாயின் மணம்.

கியர்பொக்ஸ் அண்ணையைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதே, “அண்ணை, கொஞ்சம் நல்லா உடுத்துக்கொண்டு வாங்கோ” என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜூலை மாத வெயிலில் கோட், சூட், ரை எல்லாம் கட்டி வந்து நின்றார். காலில் பனிக்காலச் சப்பாத்து.

யார்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட வெள்ளைக்கார மனிதர். அவர் எஞ்சினைப் பற்றி விளக்கத் தொடங்க, இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் மனைவியிடம் கேட்டார்.

“தங்கச்சி, பயணத்துக்கு என்ன சமைச்சுக்கொண்டு போவியள்?”

“காலமைக்கு இடியப்பம், சொதி. மத்தியானம் சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு. இரவைக்குப் புட்டு.”

“எத்தினை பேருக்கு?”

“நாங்கள் நாலு பேர்தான். பிறகு அண்ணா வீட்டுக்காரர் காரில வருவினம். அவையின்ர சாப்பாடும் எங்களோடதான்.”

“தண்ணி?”

“அங்கத்தைத் தண்ணி சரிவராது அண்ணை. வீட்டுத் தண்ணி டாங்க் நிறைய நிரப்பிக்கொண்டு போவம்.”

எல்லாவற்றையும் உள்ளங்கையில் பேனையால் எழுதினார். எனக்குக் காது சுட்டது. வாகனம் பார்க்க வந்த இடத்தில் சமையல் விசாரணை. பிறகு அந்தக் கோட்டுடனேயே தரையில் மல்லாந்து எட்டுச் சிலிண்டருக்குக் கீழே ஊர்ந்து போனார். பனிச் சப்பாத்து இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்து, தலையில் புல்லோடு நின்று, கடதாசியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

யார்டுக்காரர் என்னிடம், இந்த ஐயா யார் என்று மரியாதையாகக் கேட்டார்.

“இவர் சும்மா கூட வந்தவர். வாகனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது” என்றேன் என் நல்ல ஆங்கிலத்தில். சொல்லிச் சிரித்தும் வைத்தேன்.

கியர்பொக்ஸ் அண்ணை கண் திறந்தார். “தம்பி, உது வேண்டாம்” என்றார். “ஒயில் இப்பவே கருகின மணம். வெள்ளைக்காரன் நாலு துண்டு பாணோட போவான், அவனுக்கு நாலு கியர் காணும். நாங்கள் குசினியைத் தூக்கிக்கொண்டு போற ஆக்கள். ஏத்தத்தில உது திணறும். பத்துச் சிலிண்டரை எடுங்கோ. நாய் மணம் கழுவினால் போகும்.”

நான் வெள்ளை சோபாவை வாங்கினேன்.

வீடு திரும்பும் வழியில், “அவருக்கு விளங்கியிருக்கும்” என்றாள் மனைவி. “அவருக்கு இங்கிலீசு வராது” என்றேன். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவரைப் பற்றி, ஒரே அறையில் படுத்தெழும்பியவன் சொன்ன சொல் அது.

முதல் பயணம் கொலிங்வூட் பக்கம். ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் கத்தியது, வாகனம் நகரவில்லை. பிறகு புட்டுப் பானை அடிப்பிடித்ததுபோல் ஒரு மணம். ஓரங்கட்டினேன். பின்னால் காரில் வந்த மச்சான் இறங்கிப் படம் எடுத்தான்.

“அண்ணைக்குப் போன் அடியுங்கோ” என்றாள் மனைவி.

“எந்த முகத்தோட அடிக்கிறது?”

“போனில முகம் தெரியாது” என்று அவளே அடித்தாள்.

மறுமுனையில், “பிள்ளையளை வெயிலுக்குள்ள விடாதேங்கோ, வாறன்” என்ற குரல் எனக்கும் கேட்டது. இரண்டு மணித்தியாலத்தில் தன் பழைய வான் வண்டியில் வந்தார். அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லொறிகள் இரைந்து போகும் வீதியோரத்தில் கண்ணை மூடிக் கடதாசியை மணந்தார்.

“தங்கச்சி, இடியப்பம் எத்தினை?”

“இருநூறு, அண்ணை.”

“முதல்ல அதை இறக்குங்கோ.”

டாங்க் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார். கறிச்சட்டிகள் வரிசையாக வீதியோரத்தில் இறங்கின. எல்லாவற்றையும் வானில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். சட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், “இவர் உங்கள் மெக்கானிக்கா?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் கியர்பொக்ஸ் அண்ணை ஒயில் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “நான் சும்மா கூட வந்தவன். வாகனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.” மிசிசாகாவில் நான் சொன்ன அதே ஆங்கில வசனம். ஒரு சொல் பிசகவில்லை. என்னைவிட நல்ல உச்சரிப்பு.

பொலிஸ்காரர் போன பிறகு, “அண்ணை, அண்டைக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“ஆட்டுக்கறி எந்தச் சட்டி?” என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

பாரம் இறங்கிய வாகனத்தை மெல்ல உருட்டி அவருடைய கராஜுக்குக் கொண்டுவந்தோம்; புதுக் கியர்பொக்ஸை அவரே பூட்டித் தந்தார். பயணத்துக்கு இடியப்பம் இப்போது ஐம்பதுதான். முன் ஆசனத்தில் மனைவி இருப்பதில்லை. அது கியர்பொக்ஸ் அண்ணையின் இடம். காஸ் அடிக்கும் இடத்தில், பார்க்கின் வாசலில், எங்கே நிறுத்தினாலும், ஒருவரும் கேட்காமலே நான் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன், இவர் என் அண்ணை என்று. அவருக்கு விளங்கும்.