ஆளுக்கு ஒரு பாகம்

என் புதுக் கம்ப்யூட்டர் பிணமாகக் கிடந்ததற்கு மூன்று பேர் காரணம். ஓசூரில் இருக்கும் என் மச்சினன் சகாயம், சென்னையில் இருக்கும் தம்பி லூர்து, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஸ்டெல்லா. நாலாவது ஆள் நான். ஆனால் என்னை ஏற்கெனவே போதுமான அளவுக்குத் திட்டியாகிவிட்டது.

காரிமங்கலத்தில் எனக்கு உரக்கடை. கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வீட்டுக்கு இன்னொன்று வேண்டும் என்று தோன்றியது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. பாட்டு கேட்கலாம், பேப்பர் படிக்கலாம், ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இவர்கள் முகத்தைப் பெரிசாகப் பார்க்கலாம். செல்போனில் என் மகள் முகம் புளியங்கொட்டை அளவுதான் தெரிகிறது. (மனைவி போனபிறகு வீட்டில் சத்தம் போடுவது மிக்ஸி மட்டும்தான். அதுவும் சட்னி அரைத்தால்தான்.)

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன்: "வூட்டுக்குக் கம்மி விலையில ஒரு கம்ப்யூட்டர் வேணும். என்னென்ன வாங்கலாம்?"

அந்தக் குரூப்பில் நான் போட்ட காலை வணக்கங்கள் எல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் சந்தை கூடிவிட்டது.

"மாமா, ப்ராசசர் நான் சொல்றதுதான். வேற பேச்சே வேணாங்க," என்றான் சகாயம்.

"அவுரு பேச்சைக் கேக்காதண்ணா. மதர்போர்டு நான் சொல்றதை வாங்கு," என்றான் லூர்து.

"ப்பா, ரெண்டு பேருமே பழைய காலத்து ஆளுங்க. ரேம் மட்டும் நான் சொல்ற புதுசை வாங்குப்பா," என்றாள் ஸ்டெல்லா.

சண்டை. எனக்குச் சொர்க்கம். சோறு தின்னும்போதுகூட போன் டிங் டிங் என்றது. முடிவு வந்துவிடக் கூடாதே என்று நானே கிளறிவிட்டேன். "பெட்டி கறுப்பா, வெள்ளையா?" அதற்கும் அடித்துக்கொண்டார்கள். யூரியா கேட்டு வந்தவரிடம், "இருங்க, கறுப்பா வெள்ளையான்னு ஓடிட்டிருக்கு," என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஆனால் என்றைக்காவது வாங்கித்தானே ஆக வேண்டும்? யார் சொன்னதை வாங்குவது? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒருத்தருக்குப் பந்தல், ஒருத்தருக்குச் சமையல், ஒருத்தருக்குப் பந்தி என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். கொடுக்காவிட்டால் அந்த ஆள் கை நனைக்காமல் போய்விடுவார். அதே மாதிரி பிரித்தேன். சகாயத்துக்கு ப்ராசசர். லூர்துக்கு மதர்போர்டு. ஸ்டெல்லாவுக்கு ரேம்.

தருமபுரியில் கம்ப்யூட்டர் கடைக்கார பாய் மூன்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, ப்ராசசர் ஒரு கம்பெனி, போர்டு வேற கம்பெனிக்கு உள்ளது. உக்காராதுங்க. ரேமும் இதுல ஏறாது."

"உக்கார வைக்கிறது என் வேலை. நீங்க கட்டுங்க."

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாதுங்க."

"உங்களை ஏன் பாய் சொல்றேன்? சொல்றதுக்கு எனக்கு ஆளுங்க இருக்காங்க."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் யாருடையதை வேண்டாம் என்பது? சகாயத்தினுடையதை விட்டால் அவன் மூஞ்சியைத் தூக்குவான். ஸ்டெல்லாவினுடையதை விட்டால்... அதை யோசிக்கவே நான் தயாராக இல்லை. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, மூன்று பேரையும் வீடியோ காலில் கூப்பிட்டு, மாட்டத் தொடங்கினேன். (இதற்கு வெள்ளை வேட்டி வேறு கட்டியிருந்தேன்.) அவரவர் அவரவர் பாகத்தை மட்டும்தான் பார்த்தார்கள். ப்ராசசர் உட்காரவில்லை.

"மெதுவா வைங்க மாமா!"

"அமுக்குண்ணா! பயப்படாம அமுக்கு!"

அமுக்கினேன். உர மூட்டை தூக்குகிற கை. நறுக் என்றது.

முதலில் ஸ்டெல்லா சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வர நானும் சிரித்தேன். அந்த வீடியோ கால் முடியவே கூடாது என்றிருந்தது.

மறுபடி பாயிடம் போய், அவர் சொன்னபடி வாங்கி, அவரையே மாட்டித் தரச் சொன்னேன். மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எரிச்சல். அவர் விட்டதைக் குடும்பம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒத்துவராவிட்டால், "விடுங்க, இது அந்தோணி கம்ப்யூட்டர். அமுக்குனா உடைஞ்சிடும்," என்று என் பேரைத்தான் இழுக்கிறார்கள். பென்னாகரத்தில் ஒரு சம்பந்தமே இப்படி நின்றுபோனது.

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. அதுதான் கேடு. ஓடுகிற கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றுமில்லை. குரூப் மறுபடி அடங்கிவிட்டது. போன வாரம், "மவுஸ் பேட் எது நல்லது?" என்று கேட்டேன். சகாயம் ஒரு கட்டைவிரல் போட்டான். கேள்விக்குக் கட்டைவிரல் எப்படிய்யா பதில்?

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் அதன் முன்னால் உட்காருகிறேன். திரையில் என் முகம்தான் பெரிசாகத் தெரிகிறது. அதைப் பார்க்கவா அவ்வளவு பாடுபட்டேன்?

சகாயம், லூர்து, ஸ்டெல்லா. இதை வாங்கு, அதை வாங்கு என்று எல்லார் முன்னாலும்தானே சொன்னீர்கள்? பதிலையும் அதே குரூப்பில், எல்லாரும் பார்க்க எழுதுங்கள். எனக்குத் தனியாக மெசேஜ் வேண்டாம். கட்டைவிரல் வேண்டவே வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களில் யார் கூப்பிடப் போகிறீர்கள்?