கடமானுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ

மதுரைக்காரங்களுக்குத் தலைக்கு ரெண்டு காது இருக்குன்னு ஆதாரத்தோட நிரூபிக்கக்கூடிய ஒரே மனுஷன் இந்த உலகத்துல எங்க ரெண்டு காது பாய்தான். சிம்மக்கல்லுல நான் புரூஃப் பாக்கிற பிரஸ்ஸுக்கு மேல அவரோட போட்டோ ஸ்டூடியோ. முப்பது வருஷமா பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறாரு. அவர் கேமரா முன்னால உக்காந்த எவனும் ஒத்தக் காதோட எந்திரிச்சுப் போனதா வரலாறு கிடையாது.

அவங்க அத்தா வச்ச பேரு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. அதைத் தெரிஞ்சுக்கணும்னா அவரோட ஆதார் கார்டை வாங்கிப் பாக்கணும். கூரியர்காரர்கூட "ரெண்டு காது பாய் கடை எதுண்ணே?"ன்னுதான் கேட்டுக்கிட்டு வருவாரு.

தொழிலுக்கு வந்த புதுசுல, துபாய் போகப்போற ஒரு ஆளுக்குப் போட்டோ எடுத்தாராம். முடி விழுந்து ஒரு காது மறைஞ்சு போச்சு. படம் செல்லாதுன்னு விண்ணப்பம் திரும்பி வந்துருச்சு. அந்த ஆளு ஸ்டூடியோவுக்கு வந்து, நாலு பேர் பாக்க, பாயை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுப் போயிட்டான். அன்னைக்கு எடுத்த முடிவுதான். இனிமே ரெண்டு காதும் தெரியாம பட்டனை அமுக்குறதில்லை.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு அது சரி. மனுஷன் கல்யாண வீட்டுலயும் அதையே பண்ணுவாரு. பொண்ணு ரெண்டு பக்கமும் மல்லிகைப்பூவைத் தொங்க விட்டுக்கிட்டு லட்சணமா நிக்கும். "அம்மாடி, பூவை ஒதுக்கு, காதைக் காட்டு"ம்பாரு. குடும்பத்தோட முப்பது பேரை நிக்க வச்சு, ஒவ்வொரு வரிசையா விரலை நீட்டிக் காது எண்ணுவாரு. "மூணாவது வரிசை, சிவப்புச் சட்டை, உங்க வலது காது எங்க?"ன்னு கேப்பாரு. அவர் எண்ணி முடிக்கிறதுக்குள்ள பந்தியில பிரியாணி தீந்து போயிரும். நானே ரெண்டு கல்யாணத்துல தயிர் சோறு தின்னுட்டு வந்திருக்கேன்.

மேலூர்ப் பக்கம் ஒருத்தர் தன்னோட ஜல்லிக்கட்டுக் காளையைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தாரு. எல்லாரும் பக்கவாட்டுல நின்னு, திமிலும் கொம்பும் தெரிய எடுப்பாங்க. நம்மாளு காளைக்கு நேர் எதிர்ல போய் நின்னு, "தம்பி, தலையைத் தூக்குங்க, நேரா பாருங்க"ன்னிருக்காரு. தம்பி நேராப் பாத்தாரு. நேராவே வந்தாரு. பாய் வைக்கப்படப்பு மேல ஏறித்தான் மிச்ச வேலையைப் பாத்தாரு. அந்தப் படத்தை நான் பாத்திருக்கேன். காளை, உச்சியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கும். காது ரெண்டும் இருக்கும்.

பச்சப்புள்ளைகளை நேராப் பாக்க வைக்கிறதுக்கு மட்டும் ஒரு கிலுகிலுப்பை வச்சிருக்காரு. பச்சைக் கலர் பிளாஸ்டிக். எந்நேரமும் சட்டைப் பையிலயே கிடக்கும். தொழுகைக்குப் போறப்போ எடுத்து என்கிட்ட குடுத்துட்டுப் போவாரு. ஒரு தடவை மறந்துபோய்க் குனிஞ்சப்போ அது சத்தம் போட்டு, பள்ளிவாசல்ல முன் வரிசை முழுக்கச் சிரிச்சுருச்சாம்.

இப்படிப்பட்ட மனுஷன் போன மார்கழியில மலையேறி மான் படம் எடுக்கக் கிளம்பினாரு. கிளப்பி விட்டது அவரோட சம்சாரம், ஆமினா அக்கா. அக்கா என்னைத் தம்பின்னு கூப்பிடும். அந்தக் கணக்குலதான் பாய்க்கு நான் மாப்ள.

அக்கா பொறந்து வளந்தது சிறுமலையில. அவங்க அத்தா அங்க ஒரு காப்பித் தோட்டத்துல காவலுக்கு இருந்தவரு. கல்யாணமாகி சிம்மக்கல் சந்துக்கு வந்தது, வந்ததுதான். இப்ப ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடை. டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு, இந்த வருஷம் ஆபரேஷன் பண்ணிட்டா நல்லா நடக்கலாம், இன்னும் தள்ளிப் போட்டா படுக்கைதான்னு. அக்கா மசியவே இல்லை. மூணு புள்ளைகளும் ஃபோன்ல அழுது பாத்துருச்சுக.

"எங்க நடக்கப் போறேன் தம்பி? அடுப்படிக்கும் கட்டிலுக்கும் எட்டு எட்டு. அதுக்கு இம்புட்டு அறுக்கணுமாக்கும்?" அப்படின்னுச்சு என்கிட்ட.

பாய் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தவரு, "உன் சிறுமலைக்குப் போகலாம்ல ஆமினா. ஓடையில மான் பாக்கலாம்ல"ன்னாரு.

அம்புட்டுதான். அக்கா பிடிச்சுக்கிச்சு. "கல்யாணம் ஆன மறுவாரம் கூட்டிட்டுப் போறேன்னீக. எனக்கு மூணு புள்ளை பொறந்து, அதுகளுக்கும் கல்யாணம் ஆயிருச்சு. முகூர்த்தம், முகூர்த்தம்னு ஊரான் கல்யாணத்துலயே காலத்தை ஓட்டிட்டீக. இனிமே அங்க எங்க மான் இருக்கப் போகுது? எல்லாம் போயிருக்கும்."

"இருக்கும்."

"அப்ப ஒண்ணு செய்ங்க. அத்தா தோட்டத்துக்குப் பின்னாடி ஓடையில, மார்கழி விடியக்காலம் கடமான் இறங்கும். அங்க போயி ஒரே ஒரு மானைப் படம் எடுத்துட்டு வாங்க. நான் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

பாய் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "மாப்ள, நீ சாட்சி. அதோட நீயும் வார"ன்னாரு. எனக்கு மலை ஏறுற வயசும் இல்லை, வயிறும் இல்லை. அக்கா முகத்தைப் பாத்தேன். சரின்னுட்டேன்.

பஸ்ஸுல சிறுமலை போய் இறங்கினதும்தான் பாயோட மூட்டையைப் பிரிச்சுப் பாத்தேன். கேமரா, ஸ்டாண்டு, ரெண்டு லென்ஸ், அதுக்கு அடியில ஸ்டூடியோவுல சுவத்துல மாட்டுற வெள்ளைத் திரை!

"பாய், இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? மானுக்குப் பின்னாடி யாரு பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"இருக்கட்டும் மாப்ள. தேவைப்படும்."

குளிருக்கு அது நல்லாவே தேவைப்பட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி நான்தான் அதைப் போத்திக்கிட்டுப் படுத்தேன். அக்கா வளந்த அதே தோட்டத்துல இப்ப வேலை பாக்கிற பெருமாள்னு ஒருத்தர்தான் எங்களைத் தங்க வச்சு, வழி காட்டினாரு. நல்ல மனுஷன். அதிகம் பேசமாட்டாரு. ரெண்டு நாள்ல அவரையும் பேச வச்சுட்டாரு பாய்.

மொத நாள் விடியுறப்பவே கிளம்பி, காப்பிச் செடிகளுக்கு நடுவால ஒத்தையடிப் பாதையில ஏறினோம். பனி சொட்டு சொட்டா இலையிலேர்ந்து கழுத்துக்குள்ள விழுது. எனக்கு மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. பாய் குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு முன்னால போறாரு.

"பாய், உங்க காதைக் காணோமே"ன்னேன்.

"எடுக்குறவனுக்குச் சட்டம் கிடையாது. வா பேசாம."

ஓடைக்கரையில ஒரு பெரிய பாறை. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம். கால் மணி நேரம் ஆயிருக்காது. எதிர்க்கரையில புதர் அசைஞ்சுச்சு. ஒரு பெட்டை மான் இறங்கி வந்துச்சு. அய்யோ, என்ன அழகு! மூக்குலேர்ந்து ஆவி வருது. பக்கவாட்டுல நின்னு, குனிஞ்சு தண்ணி குடிக்குது. பனிக்குள்ள வெயில் அப்பத்தான் நுழையுது. நான் மூச்சை விடாம, "எடுங்க பாய்"ன்னேன்.

பாய் கேமராவுக்குள்ளயே பாத்துக்கிட்டிருந்தாரு. எடுக்கலை.

"பாய், எடுங்க!"

"ஒரு காதுதான் மாப்ள தெரியுது."

நான் அவரைப் பாத்தேன். விளையாடலை. நெசமாவே காத்துக்கிட்டிருக்காரு. மான் குடிச்சு முடிச்சுச்சு, வாலை ஆட்டுச்சு, போயே போச்சு. அடுத்து அம்மாவும் குட்டியுமா ரெண்டு வந்துச்சு. "நாலு காதுல ரெண்டுதான் மாப்ள..." அதுவும் போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அவரை ஓடையில தள்ளியிருப்பேன். கேமராவை நினைச்சு விட்டுட்டேன்.

பெருமாள் தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. "அண்ணே, இவரு மானைப் படம் எடுக்க வந்தாரா, இல்லை பொண்ணு பாக்க வந்தாரா?"ன்னாரு என்கிட்ட.

அன்னைக்கு முழுக்க நான் பாய்கிட்ட பேசலை. சாயங்காலம் அவராவே வந்து பக்கத்துல உக்காந்தாரு. "கை வர மாட்டேங்குது மாப்ள. அமுக்கணும்னுதான் நினைக்கிறேன். முப்பது வருஷப் பழக்கம், விரல் நகர மாட்டேங்குது"ன்னாரு. "அவ படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" நான் என் பங்கு முறுக்குல பாதியை ஒடிச்சுக் குடுத்தேன்.

ரெண்டாவது நாள்தான் கடைசி. மறுநாள் பாய்க்கு நாகமலை புதுக்கோட்டையில ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம், அவங்களுக்கு மார்கழி கிடையாது. மத்தியான பஸ்ஸைப் பிடிச்சே ஆகணும். விடிஞ்சு ரொம்ப நேரம் ஆயிருச்சு, ஓடையில ஒரு குருவிகூட வரலை. "இனிமே வராதுண்ணே"ன்னு பெருமாள் துண்டை உதறி எந்திரிச்சாரு. எந்திரிச்சவரு அப்படியே உக்காந்தாரு.

கிடா. கிளை கிளையா கொம்பு, கழுத்துல பிடரி முடி. எதிர்க்கரையில வந்து, கரெக்டா பக்கவாட்டுல நின்னுச்சு. ஒத்தக் காது.

நான் பாயோட தோளை அழுத்திப் பிடிச்சேன். "பாய், அக்கா முட்டியை நினைச்சுக்கிட்டு அமுக்குங்க. உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

பாய் நெத்தியில அந்தக் குளிர்லயும் வேர்த்துருச்சு. விரல் பட்டன் மேல இருக்கு, அமுங்கலை. சட்டுனு இடது கை சட்டைப் பைக்குள்ள போச்சு. எனக்குப் புரியுறதுக்குள்ள கிலுகிலுப்பை வெளிய வந்துருச்சு.

கிலுகிலு கிலுகிலு.

கிடா விசுக்குனு தலையைத் தூக்கித் திரும்பிச்சு. எங்களை நேருக்கு நேரா பாத்துச்சு. ரெண்டு காதும் விறைச்சு முன்னால நின்னுச்சு. "அப்படியே, அசையாதீங்க"ன்னு பாய் வாய் தானாச் சொல்லுது. கேமரா 'டிக்'குனுச்சு. மறு நொடி அந்தக் கிடா போட்டுச்சு பாருங்க ஒரு சத்தம்! லாரி ஹாரன்கூடத் தோத்துரும். பாய் வெலவெலத்துப் பின்னால போயி, பாசி பிடிச்ச கல்லுல கால் வழுக்கி, ஓடைக்குள்ள தொபுக்குனு உக்காந்தாரு. இடுப்பளவு தண்ணி, பச்சைத் தண்ணி. ஒரு கையில கேமரா தலைக்கு மேல, இன்னொரு கையில கிலுகிலுப்பை.

"வந்துருச்சு மாப்ள! ரெண்டும் வந்துருச்சு!"

எதிர்க்கரையில கிடா இன்னும் கத்திக்கிட்டே நிக்குது. எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஃபோனை எடுத்து அவரை அந்தக் கோலத்துலயே ஒரு படம் பிடிச்சேன்.

மறுநாள் கல்யாணத்தை முடிச்சுட்டு, சாயங்காலம் மாப்பிள்ளைத் தோரணையில வீட்டுக்கு வந்தாரு. நானும் கூடப் போனேன். ஒரு சின்னக் கவரை அக்கா கையில குடுத்தாரு. அக்கா பிரிச்சுச்சு. உள்ள எட்டு காப்பி. பாஸ்போர்ட் சைஸ். கழுத்துக்கு மேல கிடா, ரெண்டு காது. தலையைச் சுத்தித் தெரிஞ்ச இலை, பனி, எல்லாத்தையும் அழிச்சுப்புட்டு, பின்னாடி வெள்ளை வெளேர்னு பண்ணி வச்சிருக்காரு!

அக்கா ஒவ்வொண்ணா எட்டையும் பாத்துச்சு. "இது எங்க எடுத்தது?"

"உன் சிறுமலையில."

"மலை எங்க?"

பாய் என்னைப் பாத்தாரு. நான் கூரையைப் பாத்தேன். முழுப் படம் கேமராவுல இருக்கான்னு கேட்டேன். எடுத்ததே அம்புட்டு கிட்டத்துலதானாம், லென்ஸைத் திருகித் தலையை மட்டும்தான் பிடிச்சிருக்காரு.

"இதை எந்த மிருகக்காட்சி சாலையிலயும் எடுக்கலாம்"னு கவரைக் கட்டில்ல வச்சிருச்சு அக்கா. "எனக்குத் தெரியும், அங்க ஒண்ணும் இருக்காதுன்னு."

பாய் முகம் செத்துப் போச்சு. அப்பத்தான் என் ஃபோன் ஞாபகம் வந்துச்சு. எடுத்து நீட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துச்சு. குரங்குக் குல்லாவோட தண்ணிக்குள்ள உக்காந்திருக்கிற புருஷன். கையில கிலுகிலுப்பை. பின்னாடி ஓடை, எதிர்க்கரை. அதுல ஓரமா மேட்டுல ஏறி ஓடுற கிடா.

மொதல்ல அக்கா தோளு குலுங்குச்சு. அப்புறம் சத்தமாச் சிரிச்சுச்சு. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "யா அல்லா, வலிக்குது"ன்னுக்கிட்டே சிரிச்சுச்சு. சிரிப்பு பாதியில நின்னுருச்சு. ஃபோனைக் கண்ணுகிட்ட கொண்டு போச்சு.

"தம்பி, இந்த அத்தி மரம்... இது இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா. காய் காய்ச்சுக் கிடக்கு."

"இதுக்கு அடியிலதான் நானும் அத்தாவும் உக்காந்து பாப்போம்." ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் பாயை ஏற இறங்கப் பாத்துச்சு. "உங்களை நம்பி ஒரு மானைப் பாக்க முடியாது. நானே போய்ப் பாத்துக்கிறேன். டாக்டருக்கு ஃபோனைப் போடுங்க."

பாய் ஃபோனைத் தேடின தேடல் இருக்கே, சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீடு முழுக்கத் தேடினாரு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. ஒரு முட்டி மாசியில, இன்னொண்ணு மூணு மாசம் கழிச்சு. வலிக்கிறப்போ அக்கா பாயைத் திட்டும். பாய் சந்தோஷமா வாங்கிக்குவாரு. பெருமாள் வேற வாராவாரம் ஃபோன் போட்டு, "அக்கா, மான் உங்களைக் கேட்டுச்சு"ன்னு உசுப்பேத்திக்கிட்டே இருக்காரு.

போன வாரம் நான் ஸ்டூடியோவுல பாய்கூட உக்காந்திருந்தேன். ஒரு காலேஜ் பையன் போட்டோவுக்கு ஸ்டூல்ல விறைப்பா உக்காந்திருக்கான். பாய் கேமராவுக்குள்ள பாத்துக்கிட்டிருக்காரு. கீழ படியில காலடிச் சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு வைக்கும், நிக்கும். அடுத்ததை வைக்கும், நிக்கும். அந்த மாடிக்குப் பதினேழு படி, செங்குத்தான படி. ஆறு வருஷமா அக்கா அதுல கால் வச்சதில்லை.

பாய் பையனை அப்படியே விட்டுட்டு வாசலுக்கு ஓடினாரு. நான் பின்னாலயே போய்ப் பாத்தேன். கையில டீ ஃபிளாஸ்க்கோட அக்கா மேல ஏறி வருது. சுவத்தைப் பிடிக்கலை.

"மலை ஏற வேணாமா? பழகிக்கிறேன்"னு சொல்லிட்டு, கடைசிப் படியையும் ஏறி உள்ள போயிருச்சு. பாய் கழுத்துல கேமரா தொங்குது. மனுஷன் அதைத் தொடவே இல்லை.

"ஏன் பாய், ஒரு படம் எடுத்திருக்கலாம்ல?"

"கண்ணை மறைச்சிருச்சு மாப்ள."

நான் கேலி பண்ணலை. எனக்கும் ஒண்ணும் சரியாத் தெரியலை.